நானும் என் இடது கையும்

ஐம்பத்தெட்டு வருஷம் என்னுடன் கூடவே இருந்தும், என் கட்டை விரலுக்கு 'ஒன்று' என்று ஒரு பெயர் உண்டு என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. ஆள்காட்டி விரல் இரண்டு, நடு விரல் மூன்று, மோதிர விரல் நான்கு, சுண்டு விரல் ஐந்து. இரண்டு கைக்கும் இதே கணக்குத்தான். பியானோ கற்றுக்கொள்ள உட்காருகிறவன் முதல் நாளில் செய்ய வேண்டிய காரியம், தன்னுடைய சொந்த விரல்களுக்கே இப்படி ஒரு நாமகரணம் செய்துகொள்வதுதான்.

"நாவல் எழுதுகிறவனுக்குப் பியானோ எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் அதையேதான் கேட்டாள். "முழங்காலுக்குத் தைலம் தேய்ச்சுக்கிற வயசிலே இது என்ன கூத்து?" என்பது அவளுடைய வாசகம். அவளுக்கு அன்றைக்கு நான் சரியான பதில் சொல்லவில்லை. இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

எங்கள் வீட்டுக்குப் பியானோ வந்து இருபத்து மூன்று வருஷம் ஆகிறது. ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்து போன ஒரு குடும்பம் சாமான்களை எல்லாம் விற்றபோது, சுவரோரமாக நிற்கும் ஜாதியைச் சேர்ந்த அந்தப் பழைய பியானோவை வாங்கினேன். எட்டு வயதான என் பெண்ணுக்காக வாங்கினேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். ஆறு ஆட்கள் அதை மாடிப்படி ஏற்றினார்கள். ஏழாவது ஆள் ஒருவர், கையை ஆட்டிக்கொண்டு, "மெல்ல, மெல்ல!" என்று கத்திக்கொண்டே பின்னால் வந்தார். அந்த ஏழாவது ஆள் நான்.

மூன்று வருஷம் அவள் வாசித்தாள். பிறகு வாசிக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு, பின்னால் வருகிறேன். அப்புறம் பத்தொன்பது வருஷம் அது எங்கள் வீட்டில் ஒரு சாமானாக இருந்தது. நவராத்திரிக்கு அதன் தலைமேல் செட்டியார் பொம்மையும் மரப்பாச்சியும் ஏறும். மற்ற நாட்களில் இஸ்திரி போட்ட துணி, டெலிபோன் பில், பஞ்சாங்கம். போன வருஷம் ஒரு நாள் அதை விற்றுவிடலாம் என்று தீர்மானித்தோம்.

வாங்குவதற்கு ஒருவர் வந்தார். கனமான மனிதர், நிதானமானவர். மூடியைத் திறந்து பார்த்தார். கரையான் இருக்கிறதா என்று பின்பக்கம் தட்டிப் பார்த்தார். கடைசியில், "யாராவது ஒரு தடவை வாசித்துக் காட்டுங்களேன்" என்றார். நானும் என் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வேறு வழி இல்லாமல் நான் போய், அழைப்பு மணியை அமுக்குகிற மாதிரி, ஆள்காட்டி விரலால் நடுவில் இருந்த ஒரு கட்டையை அமுக்கினேன். சுருதி சற்று இறங்கித்தான் இருந்தது. ஆனாலும் அந்த ஒற்றை ஸ்வரம் கூடம் முழுவதும் பரவி, நெடுநேரம் நின்று, மெதுவாகக் கரைந்து போயிற்று. வந்தவர் ஒரு மர பீரோவுக்குக் கொடுக்கிற விலையைச் சொன்னார். "விற்பதற்கில்லை" என்றேன் நான். அவரைவிட என் மனைவிக்குத்தான் அதிக ஆச்சரியம்.

அடுத்த வாரம் ஒரு டீச்சரம்மாவைத் தேடிப் பிடித்தேன். பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரர். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து ரிடையர் ஆனவர். "நாப்பது வருஷமா எங்க கோயில்ல ஆர்கன் வாசிக்கேன், ஸார்" என்று தம்மை அறிமுகம் செய்துகொண்டார். கோயில் என்று அவர் சொன்னது மாதா கோயிலை. என் வயதைக் கேட்டுவிட்டு அவர் சிரிக்கவில்லை என்பதை இங்கே நன்றியுடன் குறிப்பிட விரும்புகிறேன். என் நகங்களைப் பார்த்துவிட்டு, "முதல்ல இதை வெட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

முதல் பாடத்தில் வாசிப்பு என்று எதுவும் கிடையாது. உட்காருவதுதான் பாடம். முழங்கை கட்டைகளின் மட்டத்துக்கு இருக்க வேண்டும். அதற்குத் தக்கபடி முக்காலியை ஏற்றவோ இறக்கவோ வேண்டும். முக்காலியின் பாதியில் உட்கார வேண்டும். சாய்ந்து உட்கார அது சாய்வு நாற்காலி அல்ல. உள்ளங்கைக்குள் ஓர் எலுமிச்சம்பழத்தைப் பிடித்திருப்பது போல விரல்கள் வளைந்திருக்க வேண்டும். இவ்வளவையும் ஒரே சமயத்தில் ஞாபகம் வைத்துக்கொண்டதில் எனக்கு மூச்சு விட மறந்து போயிற்று. "தோளை இறக்குங்க, ஸார். காதுகிட்ட ஏறிப் போயிருக்கு" என்றார் டீச்சர்.

பியானோவில் மொத்தம் 88 கட்டைகள். வெள்ளை 52, கறுப்பு 36. இந்தக் கூட்டத்தில் ஆதார ஸ்வரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கறுப்புக் கட்டைகள் இரண்டு இரண்டாகவும் மூன்று மூன்றாகவும் நிற்கின்றன. இரட்டையாக நிற்கும் கறுப்புகளுக்கு இடப்பக்கத்தில் ஒட்டினாற்போல இருக்கும் வெள்ளைக் கட்டைதான் 'ஸி'. எல்லாக் கட்டைகளும் ஒரே வெள்ளையாக இருந்திருந்தால், கண் தெரிந்தவனும் இதில் குருடன்தான். நடுவில் இருக்கும் ஸிக்கு 'மிடில் ஸி' என்று பெயர். ஆரம்பப் பாடம் எல்லாம் அதைச் சுற்றித்தான்.

இதைக் கேட்டதும் எனக்கு ஒரு சங்கதி விளங்கிற்று. பாகவதர் ஒருவர் 'ஒரு கட்டையில் பாடினார்' என்றும், அம்மாள் ஒருவர் 'ஐந்து கட்டையில் பாடினார்' என்றும் நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அந்தக் கட்டை இந்தக் கட்டைதான். ஆர்மோனியத்தின் வழியாக நம்மிடம் வந்த கணக்கு. ஸி என்பது ஒரு கட்டை. அதற்கு அடுத்த கறுப்பு ஒன்றரைக் கட்டை. ஐந்தாவது வெள்ளை ஐந்து கட்டை. கச்சேரிக்குப் போய்த் தலையாட்டிக்கொண்டு இத்தனை நாள் இதைப் பேசியிருக்கிறேன், கட்டை எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே!

மிடில் ஸியிலிருந்து தொடங்கி வெள்ளைக் கட்டைகளையே வரிசையாக வாசித்தால் நமது சங்கராபரணத்தின் ஸ்வரங்கள் வந்துவிடுகின்றன. எட்டு ஸ்வரத்துக்குக் கையில் இருப்பதோ ஐந்து விரல். அதற்கு ஓர் உபாயம் செய்திருக்கிறார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று விரல் போனதும், நாலாவது ஸ்வரத்துக்குக் கட்டை விரலை உள்ளங்கைக்கு அடியில் நுழைத்துக் கொண்டுவர வேண்டும். பிறகு ஒன்று முதல் ஐந்து வரையில் நேராகப் போகலாம். கேட்க எளிது. என் கட்டை விரலோ, தாழ்ந்த வாசலில் குனிந்து நுழைய மறுக்கும் சம்பந்தி மாதிரி நின்றது.

அந்த விரலின் சரித்திரமே அப்படித்தான். ஜெர்மனியின் மகா சங்கீத வித்வான் பாக்கின் குமாரர் ஒருவர், கார்ல் பிலிப் இமானுவேல் பாக் என்பவர், 1753-ல் வாசிப்பு முறையைப் பற்றி ஒரு புஸ்தகம் எழுதினார். தம் தகப்பனார் சிறுவராக இருந்த காலத்தில் பெரிய வித்வான்கள்கூடக் கட்டை விரலை அவசியம் நேர்ந்தாலன்றி உபயோகிக்கவில்லை என்று அவர் சொன்னதை அதில் குறித்திருக்கிறார். ஏகலைவன் கட்டை விரலை வெட்டிக் கொடுத்தான். இந்த வித்வான்கள் அதை வைத்துக்கொண்டே கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது!

நான் சங்கராபரணத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த ஒரு மாலையில், சமையலறையிலிருந்து என் மனைவி வந்து நின்றாள். சிறு வயதில் அவள் பாட்டுக் கற்றுக்கொண்டவள். "மாயாமாளவகௌளை வருமா?" என்று கேட்டாள். இரண்டாவது ஸ்வரத்துக்கும் ஆறாவது ஸ்வரத்துக்கும் கறுப்புக் கட்டை, மற்றவைக்கு வெள்ளை. தடவித் தடவி வாசித்தேன். அவள் கூடவே சரளிவரிசை பாடினாள். நாற்பது வருஷத்துக்கு முந்திய பாடம். ஓர் எழுத்து மறக்கவில்லை. முடிந்ததும், "எல்லாம் சரி, ஸ்வரம் அசையவே மாட்டேன் என்கிறதே, மரம் மாதிரி நிற்கிறதே!" என்றாள். உண்மைதான். வெள்ளைக்காரன் கொண்டுவந்த வயலினை முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் கற்றுக்கொண்டார். தந்தியில் விரல் வழுக்கிப் போகலாம், கமகம் பிடிக்கலாம். ஆகையால் அது நம் வீட்டுப் பெண்ணாகவே ஆகிவிட்டது. பியானோவில் ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே சுவர் இருக்கிறது. அதனால் அது வாசல் திண்ணையிலேயே நின்றுவிட்டது.

ஆனால், நம் சங்கீதம் கேட்காத ஒன்றை இந்த வாத்தியம் கேட்கிறது. இரண்டு கையும் ஒரே சமயத்தில் இரண்டு வேறு பாட்டுப் பாட வேண்டும் என்கிறது.

அச்சடித்த சங்கீதத்தைப் பார்த்தால், ஐந்து கோடுகள் மேலே, ஐந்து கோடுகள் கீழே. மேல் வீடு வலக்கைக்கு, கீழ் வீடு இடக்கைக்கு. மிடில் ஸி இரண்டு வீட்டுக்கும் நடுவில், தனக்கென்று ஒரு சின்னக் கோட்டைப் போட்டுக்கொண்டு, பொதுக் கிணறு மாதிரி இருக்கிறது. கண் இரண்டு வீட்டையும் ஒரு பார்வையில் பார்க்க வேண்டும். கைகள் தனித்தனியே நடக்க வேண்டும். கால அளவு மட்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

என் வலக்கை நாவல்கள் எழுதிய கை. அதற்குக் கர்வம் உண்டு. ஒரு மாதத்தில் நாலைந்து சிறிய பாட்டுக்களைப் பிடித்துக்கொண்டது. இடக்கை இதுநாள்வரை செய்துவந்த உத்தியோகம் காகிதத்தை அசையாமல் பிடித்துக்கொண்டிருப்பதுதான். அதைத் தனியாக விட்டால் ஒழுங்காக வாசிக்கும். இரண்டையும் சேர்த்தால் போச்சு! வலக்கை ஓடினால் தானும் ஓடும். வலக்கை நின்றால் தானும் நிற்கும். கூட்டத்தில் யாரோ கை தட்டினால் தானும் தட்டுகிறவனைப் போல.

"இடது கையைத் திட்டாதீங்க, ஸார். அதுக்கு இதுவரைக்கும் யாரும் சொல்லிக் குடுக்கலை, அவ்வளவுதான்" என்றார் டீச்சர். வீயன்னாவில் பால் விட்கென்ஸ்டைன் என்று ஒரு பியானோ வித்வான் இருந்தார். 1914-ல் யுத்தத்தில் வலது கையை இழந்தார். வாசிப்பை விடவில்லை. பிரான்ஸ் தேசத்து ராவெல் இடது கைக்கென்றே ஒரு பெரிய கீர்த்தனம் அவருக்காக எழுதிக் கொடுத்தார். 1932-ல் அதை வீயன்னாவில் அரங்கேற்றினார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஒரு கைதான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். டீச்சர் இந்தக் கதையைச் சொன்னதிலிருந்து என் இடக்கையை மரியாதையுடன் பார்க்கத் தொடங்கினேன்.

அவர் சொன்ன வைத்தியம் ஒன்றுதான். தனித்தனியே வாசி, பிறகு சேர்த்து வாசி, சேர்க்கும்போது பாதி வேகத்தில் வாசி. அதுவும் வரவில்லை என்றால் அதிலும் பாதி. "தப்பா வேகமா பத்துத் தரம் வாசிச்சா, தப்பைத்தான் பத்துத் தரம் படிக்கீங்க" என்பார். இப்படி ஒரு வரியை ஒரு வாரம் ஆமை வேகத்தில் வாசித்து, எட்டாம் நாள் இரண்டு கையும் தாமாகவே சேர்ந்து நடந்தபோது, நான் முக்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷத்தினால் மட்டும் அல்ல. எனக்கு என் பெண்ணின் ஞாபகம் வந்துவிட்டது.

இப்பொழுது அந்தக் காரணத்தைச் சொல்ல வேண்டும்.

அவளுக்குப் பதினொரு வயது. பரீட்சைக்கு இன்னும் நாலு நாள். பாக் குடும்பத்து நோட்டுப் புஸ்தகத்தில் உள்ள ஜி மேஜர் மினுவெட் என்ற சின்ன நடனப் பாட்டு அவளுடைய பாடம். வெகுகாலம் பாக்கே செய்தது என்று நினைத்திருந்தார்கள். கிறிஸ்டியன் பெட்சோல்ட் என்பவருடையது என்று பிற்பாடு தெரிந்தது. உலகம் முழுவதும் குழந்தைகள் வாசிக்கிற பாட்டு. வலக்கை ஓடும், இடக்கை நிதானமாக நடக்கும். அவளுடைய இடக்கை ஓரிடத்தில் தடுக்கி விழுந்துகொண்டே இருந்தது. நான் பின்னால் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "தப்பு. திரும்ப வாசி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எது தப்பு என்று எனக்குத் தெரியாது. தப்பு என்பது மட்டும் தெரிந்தது. பத்துத் தடவையோ பன்னிரண்டு தடவையோ ஆயிற்று. நான் எழுந்து போனேன். பியானோவின் மூடியைப் படாரென்று மூடினேன். அவள் விரலை எடுத்துக்கொள்ளப் போதுமான நேரம் இருந்தது, அது தெய்வாதீனம். "உனக்கு இது வராது!" என்றேன்.

அவள் அழவில்லை. எழுந்து உள்ளே போனாள். பரீட்சைக்குப் போகவில்லை. அப்புறம் அந்த முக்காலியில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பதினொரு வயதுக் குழந்தையிடம் நான் கேட்டது என்ன என்பது, ஐம்பத்தெட்டாவது வயதில் என் இடக்கை தடுக்கி விழுந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. இது வராமல் இருப்பது சோம்பல் அல்ல, அலட்சியம் அல்ல. கைக்கு நேரம் வேண்டும், அவ்வளவுதான். நான் அவளுக்குப் பியானோ வாங்கிக் கொடுத்தேன், நேரத்தைக் கொடுக்கவில்லை.

பாக் தம்முடைய மூத்த பிள்ளைக்கு ஒன்பது வயது ஆனபோது, 1720 ஜனவரி 22-ந் தேதி, ஒரு நோட்டுப் புஸ்தகம் தொடங்கினார். கோடுகள் என்ன, ஸ்வரங்களின் பெயர் என்ன, எந்த ஸ்வரத்துக்கு எந்த விரல் என்பதிலிருந்து ஆரம்பித்துச் சிறிய பாடங்களாக அவரே எழுதிக் கொடுத்தார். அந்தப் புஸ்தகம் இன்றும் இருக்கிறது. ஊரெல்லாம் கொண்டாடிய வித்வான். பிள்ளைக்காகக் கட்டை விரல் ஒன்று, ஆள்காட்டி விரல் இரண்டு என்று எண் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு நாள் சுருதி கூட்டுகிறவர் வந்து பியானோவின் முன்பலகையைக் கழற்றினார். டீச்சர் என்னைக் கூப்பிட்டு உள்ளே காட்டினார். கட்டையை அமுக்கினால், கம்பளி போர்த்திய ஒரு சின்னச் சுத்தியல் போய்க் கம்பியை அடிக்கிறது. அடித்த கணமே, விரலை எடுக்காவிட்டாலும், அது தானாக விலகிவிடுகிறது. ஒட்டிக்கொண்டே நின்றால் கம்பி அதிராது. இந்த விலகலுக்கு வழி கண்டவர் இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்தில் இருந்த பார்த்தலோமியோ கிறிஸ்டோபோரி. மெடிசி பிரபுக்களின் 1700-ஆம் வருஷத்துச் சாமான் ஜாபிதாவில் அவருடைய வாத்தியம் பதிவாகியிருக்கிறது. 1720-ல் அவர் செய்தது ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூஸியத்தில் இருக்கிறது. அதற்கு முந்தி இருந்த வாத்தியத்தில் இறகுமுள் தந்தியை மீட்டும். எப்படித் தொட்டாலும் ஒரே சத்தம். இவருடையதில் மெல்லத் தொட்டால் மெல்லப் பேசும், அழுத்தித் தொட்டால் உரக்கப் பேசும். ஆகையால் 'பியானோ ஏ போர்ட்டே' என்று அழைத்தார்கள். மெல்லவும் உரக்கவும் என்று அர்த்தம். நாளாவட்டத்தில் உரக்க என்ற பாதி உதிர்ந்துபோய், 'மெல்ல' என்ற பாதி மட்டும் பெயராக நின்றுவிட்டது. மாடிப்படியில் அன்றைக்கு நான் கத்திக்கொண்டு வந்தது அதன் பெயரைத்தான் என்பது எனக்குத் தெரியாது.

"அடிச்ச பெறகு எவ்வளவு அமுக்கினாலும் ஒண்ணும் ஆகாது, ஸார். தொடறதுக்கு முன்னாலதான் யோசிக்கணும்" என்றார் டீச்சர். பிறகு வலது கோடியைக் காட்டினார். மற்றக் கம்பிகளுக்கெல்லாம் விரலை எடுத்ததும் சத்தத்தை அடக்குகிற கம்பளித்துண்டு ஒன்று உண்டு. வலது கோடியில், உச்ச ஸ்தாயியில் உள்ள சுமார் இருபது கட்டைகளுக்கு அது கிடையாது. "அதனால மூடியை டப்புன்னு மூடினா, இந்தக் கம்பியெல்லாம் தானாக் கூவும். கொஞ்ச நேரம் நிக்காது" என்றார் சாதாரணமாக.

அன்றிரவு புனேயில் இருக்கும் என் பெண்ணுக்கு டெலிபோன் செய்தேன். நான் கற்றுக்கொள்வது அவளுக்குத் தெரியும். அம்மா சொல்லிச் சிரித்திருக்கிறாள். மினுவெட் ஆரம்பித்திருக்கிறேன் என்றேன். இடக்கை தடுக்குகிறது என்றேன். பிறகு, எழுதுவது போலப் பேச வராமல், "அன்னிக்கு நான் அப்படிச் சொன்னது தப்பும்மா" என்றேன்.

"என்னப்பா, இருபது வருஷத்துக் கதை! நீங்க என்ன சொன்னீங்கன்னே எனக்கு ஞாபகம் இல்லே" என்று சிரித்தாள். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மூடியை மூடினீங்க இல்லே, அப்புறம் உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்துது. ஙொய்னு. நான் உள்ளே போய்ப் படுத்துண்ட பிறகும் கேட்டுண்டே இருந்த மாதிரி இருந்துது. அது மட்டும் ஞாபகம் இருக்கு" என்றாள்.

நான் அந்தக் கம்பிகளைப் பற்றி அவளுக்குச் சொல்லவில்லை. "தடுக்கிற இடத்திலே நாலாவது விரலைப் போட்டுப் பாருங்கோ. எனக்கும் அங்கேதான் வராது" என்றாள் அவள்.

போட்டுப் பார்த்தேன். வந்தது என்று சொல்ல முடியாது, முன்னைவிடத் தேவலை. மினுவெட்டின் முதல் பாதியை இப்பொழுது நிற்காமல் வாசிக்கிறேன். இரண்டாவது பாதிக்கு இந்த வருஷம் சரியாயிருக்கும் என்கிறார் டீச்சர். பொங்கலுக்கு என் பெண் வருவதாக எழுதியிருக்கிறாள். வாசிப்பாளா என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் போவதில்லை.

தினமும் மாலையில் ஒரு மணி நேரம். முடிந்ததும் மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறக்குகிறேன். இந்தக் காரியத்தில் மட்டும் என் இடக்கை வலக்கைக்குச் சரியாகப் பழகிவிட்டது. சத்தம் வருவதில்லை.